ஓடெலின் இடக்கை

மிட்ச் டுடெக்கை முதன்முதலில் 'கோச்' என்று கூப்பிட்டவன் ஓடெல் பிக்கெட்தான். அதுவும் மரியாதைக்காக இல்லை, வம்புக்காக. ஜூலை மாதம், பயிற்சி முகாம் தொடங்கிய முதல் நாள் மதியம். பத்து வருடப் பழக்கதோஷத்தில் மிட்ச் தட்டை நிரப்பிக்கொண்டு நேராக ஆட்டக்காரர்கள் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்தான். ஓடெல் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னான்:

"கோச் சார், உங்க மேசை அந்தப் பக்கம். இது பாவப்பட்ட உழைப்பாளிங்க சாப்பிடுற எடம்."

மேசை குலுங்கியது. ஆளுக்கு நூற்று நாற்பது கிலோ. அவர்கள் சிரித்தால் குலுங்காமல் என்ன செய்யும்? மிட்சும் சிரித்தான். சிரித்தபடியே தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பயிற்சியாளர்கள் மேசையின் கோடியில் உட்கார்ந்தான். அங்கே யாரும் அவனை ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்குக் கோழி சப்பென்று இருந்தது அவனுக்கு. சமைத்தவர் அதே ஆள்தான், கோழியும் அதே கோழிதான்.

மிட்ச் எங்கள் டொலீடோ ஊர்ப் பையன். அப்பா கண்ணாடித் தொழிற்சாலையில் உலை பார்த்தவர். அம்மா இன்றைக்கும் போலிஷ் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஏரி மீனைப் பொரித்துப் போடுகிறாள். பத்து வருடம் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு, முன்வரிசையின் நடுவில், அவன் சென்டராக நின்றான். அப்படியும் கடைத்தெருவில் அவனை அடையாளம் கண்டுகொள்பவர்கள் பத்துப் பேர் தேறமாட்டார்கள். சென்டரின் தலையெழுத்து அது. குனிந்து பந்தைப் பிடித்திருப்பான். கால்களுக்கு நடுவே, பின்னால் நின்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்குக் கொடுப்பான். கொடுத்த மறுகணம் எதிரில் நிற்கும் ராட்சசன் அவன்மேல் வந்து விழுவான். தொலைக்காட்சி அவன் முகத்தைக் காட்டாது. எதையாவது காட்டினால் பின்பக்கத்தைத்தான் காட்டும்.

அவனுக்கு வலப்பக்கம் எட்டு வருடம் நின்றவன் ஓடெல். மிசிசிப்பியில் பருத்தி ஆலை இருந்த ஏதோ ஒரு சின்ன ஊர்க்காரன். கருப்பன், கடவுள் பக்தன், வாய் ஓயாதவன். மிட்ச் வெளுத்த போலிஷ்காரன், பேச்சு கம்மி. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சர்க்கரை வியாதிகூட இல்லை என்று அணி வைத்தியர் கேலி செய்வார். ஆனால் எட்டு வருடம் தோளோடு தோள் உரசி நின்றால், கூடப் பிறந்தவனிடம் சொல்லாததையும் அந்தத் தோளிடம் சொல்லிவிடத்தான் செய்வான் மனுஷன்.

போன டிசம்பரில் மிட்சின் இடது முழங்கால் மூன்றாவது முறையாகப் போயிற்று. முப்பத்து மூன்று வயது. ஆட்டம் முடிந்தது. அணி நிர்வாகம் அவனைக் கூப்பிட்டு, "கோச்சா இருக்கியா?" என்றது. அவனுக்கு வேறு என்ன தெரியும்? தலையை ஆட்டினான். கோச் என்று பேர்தான் பெரிசு. இருப்பதிலேயே கடைசிப் படி. விடியற்காலை நான்கரைக்கு வந்து ஆட்டத்தின் வீடியோவைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். எதிரணி எப்படி நிற்கும் என்று அட்டை அட்டையாக வரைய வேண்டும். முன்வரிசை ஆட்டக்காரர்கள் ஐந்து பேருக்கும், பந்து நகர்ந்த ஒவ்வொரு முறைக்கும், பிளஸ் அல்லது மைனஸ் போட்டுத் தாளைப் பெரியவர் ப்ரூயிட்டிடம் கொடுக்க வேண்டும். ப்ரூயிட் முன்வரிசைக்குப் பயிற்சியாளர். அறுபத்தைந்து வயது, எந்நேரமும் வாயில் ஒரு பல்குச்சி. அந்தத் தாளை வைத்துத்தான் யார் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று முடிவாகும்.

"நேத்து வரைக்கும் கூட நின்னவனுக்கு இன்னிக்கு மைனஸ் போடணும். கை நடுங்குமே?" என்று முதல் நாளே கேட்டார் ப்ரூயிட்.

"நடுங்காது, கோச்."

"நடுங்கும். போகப் போகச் சரியாயிடும்."

செப்டம்பர் முழுக்கக் கை நடுங்கவில்லை. அக்டோபரில்தான் விஷயம் வந்தது.

விஷயம் இதுதான். வெளியூர் மைதானங்களில் நாம் பந்தைத் தொட்டாலே எழுபதாயிரம் பேர் சேர்ந்து கத்துவார்கள். வேண்டுமென்றே. குவார்ட்டர்பேக் என்ன கத்தினாலும் சென்டரின் காதில் விழாது. சென்டரோ குனிந்து எதிராளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், திரும்ப முடியாது. எனவே வலப்பக்கத்து ஆள் தலையைத் திருப்பி குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பான். குவார்ட்டர்பேக் தயார் என்று ஒரு காலைத் தூக்கி வைப்பார். வலப்பக்கத்து ஆள் இடக்கையால் சென்டரின் தொடையில் ஒரு தட்டு தட்டுவான். தட்டு விழுந்ததும் மனசுக்குள் ஒன்று எண்ணி, பந்து. அந்தத் தட்டு வராவிட்டால் பதினோரு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் கிளம்புவார்கள், குவார்ட்டர்பேக்கின் விலா எலும்பு எண்ணப்படும்.

ஓடெலின் அந்த இடக்கை இரண்டு வருடத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது. மிட்சுக்கு மட்டும் அது தெரியும்.

சிகாகோவில் ஓர் ஆட்டம். ஓடெல் தலையைக் கொடுத்து ஒருவனை முட்டினான். கழுத்து பக்கவாட்டில் மடங்கியது. எழுந்து வந்தவன் கையை உதறிக்கொண்டே இருந்தான். "கையில தீப்புடிச்ச மாதிரி இருக்குடா," என்றான். இந்த ஆட்டத்தில் அது எல்லாருக்கும் வருகிறதுதான். இரண்டு நிமிடத்தில் போய்விடும். ஓடெலுக்குத் தீ அணைந்தது, விரல்கள் திரும்பி வரவில்லை. அதன் பிறகு மிட்சின் தொடையில் விழுந்தது தட்டு இல்லை, ஈரத்துணி உரசுவதுபோல ஓர் உரசல். சில சமயம் அதுவும் இல்லை.

"ஒண்ணும் இல்ல மச்சான், ரெண்டு வாரத்துல சரியாயிடும். நீ வாயைத் தொறந்துடாதே," என்றான் ஓடெல்.

மிட்ச் வாயைத் திறக்கவில்லை. வரிசையில் நிற்பவன் இன்னொருவன் காயத்தைப் பற்றி மூச்சு விடமாட்டான். அதைவிடப் பெரிய துரோகம் அங்கே கிடையாது. அது மட்டுமா, உதவியும் செய்தான். தட்டுக்குக் காத்திராமல், கடைசி நொடியில் தலையைத் தன் கால்களுக்கு நடுவே விட்டுத் தலைகீழாக குவார்ட்டர்பேக்கைத் தானே பார்த்துக்கொண்டான். காலைத் தூக்கியதும் நிமிர்ந்து பந்தைக் கொடுப்பான். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது மிட்சின் கோணங்கி வழக்கம் என்று தோன்றும். அப்படி நிமிர்வதற்குள் எதிராளி ஏறிவிடுவான் என்பது மிட்சுக்கும் தெரியும். மூன்றாவது முறை முழங்கால் போனது அப்படித்தான். அதை அவன் ஓடெலிடம்கூடச் சொல்லவில்லை.

இன்னொன்றும் செய்தான். ஒவ்வொரு கோடையிலும் உடல் பரிசோதனை நடக்கும். எல்லாரும் உள்ளாடையோடு வரிசையில் நிற்பார்கள். வைத்தியரின் உதவியாளர் தன் இரண்டு விரல்களை நீட்டி, "அழுத்து" என்பார். வலக்கை, இடக்கை, அடுத்த ஆள். ஓடெலின் வலக்கை முடிந்த நேரம் பார்த்து, பின்னால் நின்ற மிட்ச் எடை பார்க்கும் இயந்திரத்தின்மேல் ஏறி, "ஐயோ, பத்து கிலோ ஏறிட்டேன், எங்கம்மா கண்ணுல படாம என்னைக் கொன்னு போடுங்கடா!" என்று கூப்பாடு போட்டான். கூடமே சிரித்தது. உதவியாளரும் சிரித்துக்கொண்டே ஓடெலின் தாளில் இரண்டு கைக்கும் 'சரி' என்று எழுதி அனுப்பிவிட்டார். வெளியே வந்து இரண்டு பேரும் கண்ணில் நீர் வர மறுபடி சிரித்தார்கள்.

இந்த வருடம் மிட்சின் இடத்தில் குனிந்து நிற்பவன் கேலப். இருபத்து மூன்று வயது, அயோவாவில் சோளக்காட்டுக்காரன், கல்யாணமாகி நாலு மாதம். சொன்னதைச் செய்பவன். தட்டு விழுந்தால் பந்தைக் கொடு என்று சொல்லியிருந்தார்கள், தட்டுக்காகக் காத்திருந்தான். அக்டோபர் முதல் ஞாயிறு, கூரை போட்ட ஒரு வெளியூர் மைதானம், அந்த வருடத்தில் முதன்முறையாகக் காது கிழியும் இரைச்சல். மூன்று முறை பந்து தாமதமாகப் போயிற்று. மூன்றாவது முறை குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு சேர்த்துத் தரையில் நசுக்கினார்கள். பந்து நழுவியது, எதிரணிக்காரன் எடுத்துக்கொண்டு ஓடினான், நாங்கள் தோற்றோம்.

மிட்ச் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கையில் அட்டைகளோடு நின்றிருந்தான். ஓடெலின் கை பின்னால் போவதையும், விரல்கள் கேலப்பின் தொடைக்கு நாலு அங்குலம் முன்பே தொங்கிவிடுவதையும் அங்கிருந்தே பார்த்தான். "தலையைக் கீழே விட்டுப் பாருடா!" என்று கத்தினான். எழுபதாயிரம் பேருக்கு நடுவே அவன் கத்தல் யாருக்குக் கேட்கும்? போன வருடம் என்றால் கேலப்பின் இடத்தில் தானே நின்றிருப்பான். இப்போது அந்தக் கோட்டைத் தாண்டினால் அபராதம்.

திங்கட்கிழமை காலை இருட்டறையில் வீடியோ ஓடியது. ப்ரூயிட் அந்த மூன்று இடத்தையும் திருப்பித் திருப்பிப் போட்டார்.

"என்னடா பண்ணிட்டிருக்க நீ அங்க? தூங்குறியா? படுக்கை போட்டுத் தரவா?"

"தட்டு விழல, கோச்," என்றான் கேலப்.

"ஓடெல்?"

"தட்டினேன், கோச்."

பொய் சொல்லும் குரல் இல்லை அது. மிட்சுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருடத் தோள் அல்லவா, அந்தக் குரலை அவனுக்குத் தெரியாதா? ஓடெல் தட்டியதாகவே நம்புகிறான். கை போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"பதினோரு வருஷமா ஆடுறவன் தட்டினேங்கிறான், நேத்துப் பொறந்த நீ விழலங்கிற," என்றார் ப்ரூயிட். கேலப்பின் காது சிவந்துபோயிற்று. கூட்டம் கலைந்ததும் மிட்சைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில ரெண்டு சென்டர் வரானுங்க, சோதிச்சுப் பாக்கலாம். தேறினா இந்தப் பையனை அனுப்பிடுறேன். உன் தாள் ஏழு மணிக்குள்ள என் மேசையில இருக்கணும்," என்றார்.

தாளில் அந்த மூன்று கட்டங்களையும் மிட்ச் வெறுமையாகவே விட்டிருந்தான். மைனஸ் கேலப்புக்கா, ஓடெலுக்கா? சொன்னால் ஓடெல் போனான். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத கேலப் போனான். கேலப் வேறு வாசலில் காத்துக்கொண்டிருந்தான்.

"கோச், சத்தியமா விழல. நீங்க அவரு பக்கத்துல எட்டு வருஷம் நின்னவரு. எப்படி சமாளிச்சீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

மிட்சின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தலையைக் காலுக்கு நடுவே விடு, நீயே பார்த்துக்கொள், அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தால் பையன் பிழைப்பான், ஓடெல் பிழைப்பான், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். பையனின் இரண்டு முழங்கால்களையும் பார்த்தான். புதுசு போல இருந்தன. "சாயங்காலம் வரைக்கும் பொறு," என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போனான்.

சாயங்காலம் ஓடெலின் வீடு. ஓடெலின் மனைவி யுவெட் பள்ளிக்கூடத்தில் நர்ஸ். வாசலிலேயே, "வாங்க கோச் சார், ஏழைங்க வீட்டுக்கெல்லாம் வழி தெரியுதா?" என்று பிடித்துக்கொண்டாள். பெண் குழந்தைகள் இரண்டும் "மிட்ச் மாமா!" என்று ஆளுக்கொரு காலில் தொங்கின. பன்றி இறைச்சித் துண்டு, கீரை, சோள ரொட்டி. யுவெட் பேச்சோடு பேச்சாக ஓடெலின் தட்டை இழுத்து இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டி அவன் முன்னால் தள்ளினாள்.

"விரல் முறிஞ்சது இன்னும் சேரலயாம் இவனுக்கு. உங்க வைத்தியருங்க என்னதான் கிழிக்கிறாங்களோ," என்றாள்.

ஓடெல் வீட்டில் சொல்லிவைத்திருந்த கதை அது. மிட்ச் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். பிறகு இரண்டு ஆண்களும் கார் கொட்டகைக்குப் போய் நின்றார்கள்.

"நாளைக்குக் கேலப்பை அனுப்பப் போறாங்க, ஓடெல்."

"பாவம்தான். நல்ல பையன்."

"நீ தட்டல."

"தட்டினேன்டா."

"தட்டல. நான் பார்த்தேன். நாலு அங்குலம்."

ஓடெல் தன் இடக்கையை வெளிச்சத்தில் தூக்கி, அடுத்தவன் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழியாகியிருந்தது.

"இன்னும் பதினோரு ஆட்டம் மச்சான். இந்த ஒரு வருஷம். அப்புறம் நானே போய்ச் சொல்லிடுறேன், என் பிள்ளைங்க மேல சத்தியமா."

"கழுத்துல இன்னொரு அடி விழுந்தா, கை மட்டும் போகாதுடா."

"எனக்குத் தெரியாதா? நீ ஒடஞ்ச முழங்காலை வெச்சுக்கிட்டுப் பத்து வருஷம் ஆடல? அப்ப நான் போய்ச் சொன்னேனா?" ஓடெலின் குரல் உடைந்தது. "உனக்கு ஒரு மேசையாவது குடுத்தாங்க. எனக்கு யாரு குடுப்பா? வீட்டுல உக்காந்து நான் என்னடா பண்ணுவேன்? சொல்லு. நீதான் இப்ப கோச்சாச்சே, சொல்லு."

கொட்டகையில் குழந்தைகளின் சைக்கிளுக்கு ஒரு சக்கரம் கழன்றிருந்தது. மிட்ச் அதை எடுத்து மாட்டப் பார்த்தான், முடியவில்லை, வைத்துவிட்டு வந்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு அந்த மூன்று கட்டங்களிலும் ஓடெலின் பேருக்கு நேராக மைனஸ் போட்டான். ப்ரூயிட் சொன்னபடி கை நடுங்கியது. பெரியவரின் அறைக்குப் போய், மைதானத்தின் கோடியில் உயரக் கம்பத்திலிருந்து எடுத்த வீடியோவைப் போட்டு, மெதுவாக ஓட்டிக் காட்டினான். விரல்கள் தொங்கும் இடத்தில் நிறுத்தினான்.

ப்ரூயிட்டின் வாயிலிருந்த குச்சி நின்றுவிட்டது. "அடக் கடவுளே. அவன் கையில உசிரே இல்லையேடா," என்றார்.

எட்டு மணிக்கு ஓடெலைக் கூப்பிட்டார்கள். வைத்தியர் ஒரு வெள்ளைத் தாளை அவன் இடக்கை விரல்களுக்கு நடுவே வைத்து, "இறுக்கிப் பிடி," என்றார். ஓடெல் பல்லைக் கடித்தான், கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வியர்த்தது. வைத்தியர் இரண்டு விரலால் தாளை இழுத்தார். வெண்ணெயிலிருந்து முடியை உருவுவதுபோல வந்துவிட்டது. இருநூறு பேரை மண்ணில் சாய்த்த ஆள். மூலையில் நின்ற மிட்சுக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. கோச் அழக்கூடாதே, நின்றான்.

வெளியே போகும்போது ஓடெல் அவன் பக்கத்தில் ஒரு கணம் நின்றான். திட்டுவான் என்று மிட்ச் எதிர்பார்த்தான், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. ஓடெல் அவனைச் சுற்றிக்கொண்டு போனான்.

அப்புறம் நடந்ததைத்தான் மிட்சால் ஜீரணிக்க முடியவில்லை. மதியத்துக்குள் மாடி முழுவதும் ஒரே பேச்சு. "இருபத்தெட்டு வருஷமா வீடியோ பாக்குறேன், என் கண்ணுல படல. இவன் ஒரே ஆட்டத்துல புடிச்சுட்டான்யா," என்று ப்ரூயிட் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். இந்த வருடம்தான் அணிக்கு வந்த தலைமைப் பயிற்சியாளர், மூன்று மாதமாக மிட்சின் பெயரைத் தப்பாகவே சொல்லிவந்த மனுஷன், அவனை அறைக்கே கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

"ஒரு ஆளோட உயிரைக் காப்பாத்தியிருக்கே. உன்னை மாதிரி கண்ணுள்ளவன்தான் எங்களுக்கு வேணும்."

"சார், அது... நான் முன்னாடியே..."

"தன்னடக்கமெல்லாம் வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து நீ ப்ரூயிட்டுக்கு உதவிப் பயிற்சியாளர். காதுல மாட்டுற போன் வாங்கிக்கோ."

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாய் திறந்தது, "தேங்க்ஸ்" என்றது. உண்மையைச் சொல்லப்போனால், காதில் அந்த போனை மாட்டியபோது உள்ளுக்குள் ஒரு துளி சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அந்தத் துளிக்காகத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம்போல இருந்தது அவனுக்கு. கேலப் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். "என் வேலையைக் காப்பாத்திட்டீங்க, கோச்." மிட்ச் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். வேறு என்ன செய்வான்?

நவம்பர் முதல் வாரம் ஓடெலுக்குக் கழுத்தில் அறுவை. மிட்ச் ஒரு நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். ஐந்து மணி நேரம். யுவெட் பைபிளை மடியில் வைத்திருந்தாள், திறக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு அறுவை மருத்துவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"கழுத்து பத்திரம். நடப்பாரு, காரு ஓட்டுவாரு, பேரனைத் தூக்குவாரு. அதுல பயமில்ல."

"கை?" என்றாள் யுவெட்.

மருத்துவர் நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "கை வராதும்மா. நரம்பு ரொம்ப நாளா நசுங்கியே கிடந்திருக்கு. அது செத்தாச்சு. ஆரம்பத்துலயே, ஒரு ஆறு மாசத்துக்குள்ள வந்திருந்தா முழுசா திரும்பியிருக்கும்."

அவர் போன பிறகு யுவெட் பைபிளைப் பைக்குள் வைத்தாள். பிறகு மிட்சின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீயாவது பார்த்தியே, மிட்ச். உனக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அவன் உன்மேல கோவமா இருக்கான், அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. நீ இல்லன்னா நான் இன்னிக்கு சக்கர நாற்காலி தள்ளிட்டிருப்பேன்."

மிட்சால் கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஓடெலைப் பார்க்க விட்டார்கள். கழுத்தில் பட்டை, மூக்கில் குழாய். யுவெட் அவன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு போன் பண்ண வெளியே போனாள். ஓடெல் கண்ணைத் திறந்து மிட்சைப் பார்த்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவனோடு பேசும் முதல் பேச்சு.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதே." குரல் காற்று மாதிரி வந்தது. "வீடியோவுல நீ கண்டுபுடிச்சன்னே இருக்கட்டும். உனக்கு வேலை இருக்கு. நம்ம ரெண்டு பேருல ஒருத்தனாவது உருப்படு."

"ஓடெல், டாக்டர் சொன்னாரு, ஆரம்பத்துலயே வந்திருந்தா..."

"என்கிட்டயும் சொன்னாரு." கண்ணை மூடிக்கொண்டான். "நான்தானே உன் வாயை அடைச்சேன். போடா, அழாதே. கோச் அழக்கூடாது."

அப்படியே தூங்கிப்போனான். மிட்ச் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எட்டு வருடம் அவன் வலப்பக்கத்தைக் காத்தவன், கழுத்தை அறுத்துப் போட்ட பிறகும் காத்துக்கொண்டிருந்தான். மிட்சுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

வெளியே வந்தான். தாழ்வாரத்தில் யுவெட் முழங்கால்மேல் ஒரு அட்டையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பேர், வயது, ஒவ்வாமை என்று மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தவள் நிமிர்ந்தாள்.

"நல்ல வேளை வந்தே. கை எப்பலேர்ந்து இப்படி இருக்குன்னு தேதி போடணுமாம். அவன் தூங்கிட்டான், எழுப்ப வேண்டாம். நீ வீடியோவுல பார்த்தியே, அது எந்த ஆட்டம்? அக்டோபர் முதல் ஞாயிறுதானே? அதைப் போடட்டுமா?"

தலையை ஆட்டினால் போதும். பேனா தாளின்மேல் தயாராக இருந்தது. ஓடெலும் அதைத்தான் கேட்டிருந்தான். அணியிலும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

"அது இல்ல, யுவெட்," என்றான் மிட்ச். "அதுக்கு முன்னாடி."

"முன்னாடின்னா? செப்டம்பரா?"

"சிகாகோ ஆட்டம். அக்டோபர் பதினெட்டு."

அவள் குனிந்து எழுதினாள். மாதம், தேதி. "நாம சிகாகோவுக்கு இந்த வருஷம் போகவே இல்லையே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேனா நின்றது.

"இந்த வருஷம் இல்ல. போன வருஷமும் இல்ல. அதுக்கு முந்தின வருஷம்."

யுவெட் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருவருக்கும் நடுவே போனாள். வண்டி போகும்வரை காத்திருந்து யுவெட் தலையைத் தூக்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. எதையோ நினைவுபடுத்திப் பார்க்கிற முகம்தான் இருந்தது.

"அன்னிக்கு சாயங்காலம் ஏர்போர்ட்லேர்ந்து நேரா எங்க வீட்டுக்குத்தானே வந்தே," என்றாள். "நான் உங்க ரெண்டு பேருக்கும் விலா எலும்புக் கறி சுட்டு வெச்சிருந்தேன். நீ ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டே."

"ஆமா," என்றான் மிட்ச்.